டெங்குல காய்ச்சல் விட்ட அப்புறம் வர்ற ரெண்டு நாள்: வீட்ல இருந்து எப்படி கவனிக்கிறது

மழை சீசன் ஆரம்பிச்சிட்டா எங்க லேப் கவுன்ட்டர்ல ஒரே கேள்வி தான், "பிளேட்லெட் எவ்ளோ?" ரிப்போர்ட்டை கையில குடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுருவாங்க, ஒரு லட்சத்துக்கு மேலன்னா மூஞ்சி தெளிஞ்சிரும், கீழன்னா அங்கயே நின்னு யாருக்காவது போன் போட்டு பப்பாளி இலை கேட்க ஆரம்பிச்சிருவாங்க. அதே பேப்பர்ல பிசிவின்னு இன்னொரு நம்பர் இருக்கும், ரத்தத்துல சிவப்பு அணு எத்தன சதவீதம்னு சொல்றது, சில லேப்ல ஹெமட்டோக்ரிட்னு போட்டிருப்பாங்க, அதை யாரும் பார்க்குறது இல்ல.

எங்க அக்கா பொண்ணுக்கு வந்தப்ப எங்க வீட்லயும் யாரும் பார்க்கல. அஞ்சாவது நாள் காலைல காய்ச்சல் சுத்தமா விட்டுருச்சு, தெர்மாமீட்டர்ல 98 தான் காட்டுச்சு, அப்பாடான்னு அக்கா மூணு ராத்திரி தூக்கத்தை சேர்த்து தூங்குனா. மத்தியானம் பொண்ணு வயிறு வலிக்குதுன்னா, வாயுவா இருக்கும்னு ஓமத் தண்ணி குடுத்தாங்க, சாயங்காலத்துக்குள்ள நாலு தடவ வாந்தி, கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. ராத்திரியே ஆஸ்பத்திரில சேர்த்ததால பொழச்சுக்கிட்டா. அப்ப டூட்டில இருந்த டாக்டரம்மா ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டுனாங்க, ரெண்டாவது நாள் பிசிவி 35, இப்ப 43. எட்டு பாயின்ட் ஏறியிருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம் தான் நான் இதையெல்லாம் உக்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். அதான் இப்ப எழுதுறேன், வீட்ல டெங்கு வந்தா யாராவது ஒருத்தர் இதை முழுசா படிச்சிருக்கணும்.

முதல்ல ஏன்னு தெரிஞ்சுக்கணும்

காய்ச்சல் விட்டா நோய் விட்டுச்சுன்னு தான் நம்ம பாட்டி காலத்துல இருந்து கணக்கு. டெங்குல அந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்புன்னு புரிஞ்சிட்டா அப்புறம் சொல்ற எதையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஒரு செல்லுக்குள்ள வைரஸ் புகுந்துட்டா அந்த செல் சும்மா இருக்காது, சின்னச் சின்ன புரதங்களை வெளிய விட்டு அக்கம்பக்கத்து செல்லுக்கெல்லாம் சேதி சொல்லும். இந்த சேதி சொல்ற புரதங்களுக்கு பொதுவா சைட்டோகைன்னு பேரு. அதுல முதல்ல கண்டுபிடிச்சதுல ஒன்னு இன்டர்ஃபெரான், 1957ல லண்டன்ல அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான்னு ரெண்டு பேரு கோழி முட்டை சவ்வுல சூடு பண்ணி செத்த ஃப்ளூ வைரஸை விட்டு பார்த்தாங்க, அதுக்கப்புறம் உயிரோட இருக்குற வைரஸை விட்டா வளர முடியல, ஏதோ ஒன்னு நடுவுல புகுந்து தடுக்குதுன்னு அந்தப் பேரை வச்சாங்க. இன்டர்ஃபெரான் வந்து சேர்ந்த செல் எல்லாம் கதவைச் சாத்திக்கும், வைரஸ் பெருகுறது அங்க கஷ்டம்.

இன்னொரு கூட்டம் இருக்கு, இன்டர்லூகின் 1, இன்டர்லூகின் 6, டிஎன்எஃப் ஆல்ஃபா மாதிரி. இதுங்க மூளைக்கு சேதி சொல்லி உடம்பு சூட்டை ஏத்தும், காய்ச்சல், உடம்பு வலி, சாப்பாடு பிடிக்காம போறது இதுல பெரும்பங்கு நம்ம உடம்பே பண்றது தான். அது போக ரத்தக் குழாய் சுவரைக் கொஞ்சம் இளக்கி விடும், ஏன்னா வெள்ளை அணுக்கள் குழாய்க்குள்ளயே ஓடிட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல, வைரஸ் இருக்குற எடத்துக்கு வெளிய வந்தாகணும். கையில முள்ளு குத்துன எடம் சிவந்து வீங்குதே, அதுவும் இதே வேலை தான். ஒரு விரல்ல நடந்தா நல்லது, உடம்பு முழுக்க ஒரே நேரத்துல நடந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

டெங்குல அது தான் நடக்குது. டெங்கு வைரஸ் முதல்ல இன்டர்ஃபெரான் சேதி உள்ள போய்ச் சேர விடாம பண்ணிரும், செல்லுக்குள்ள அந்த சேதியை கொண்டு போற ஸ்டாட்2ங்கிற புரதத்தையே அதோட ஒரு புரதம் அழிச்சிரும். ஆரம்பத்துல தடை சரியா விழலன்னா வைரஸ் நல்லா பெருகிரும், அப்புறம் உடம்பு முழிச்சுக்கிட்டு பெரிய படையா அனுப்பும், டிஎன்எஃப், இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 8 எல்லாம் ரத்தத்துல எகிறும். போதாததுக்கு வைரஸ் பாதிச்ச செல்லுல இருந்து என்எஸ்1னு ஒரு புரதம் ரத்தத்துல கொட்டும், நாங்க லேப்ல முதல் அஞ்சு நாளுக்குள்ள டெஸ்ட் பண்றது இதைத் தான். இது வெறும் அடையாளம்னு தான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தாங்க, 2015ல வந்த ஆராய்ச்சிகள்ல இந்தப் புரதமே குழாய் சுவரை ஓட்டையாக்குதுன்னு தெரிஞ்சுது, பாக்டீரியா விஷத்தைப் பார்த்து அலறுற செல் மேல இருக்குற அதே டிஎல்ஆர்4ங்கிற ஏற்பியை இதுவும் போய் தட்டி சைட்டோகைனை கிளப்பி விடுது, குழாய் உள்பக்கம் பூசியிருக்குற மெல்லிய சர்க்கரைப் படலத்தையும் அரிச்சிரும்.

இதெல்லாம் சேர்ந்து குழாய்ல இருந்து தண்ணியும் புரதமும் கசிஞ்சு நெஞ்சுக்குள்ள, வயித்துக்குள்ள இறங்கும். வாய்க்கால் கரை கசிஞ்சா கடைமடைக்கு தண்ணி போகாதுல்ல, அதே கதி தான் கிட்னிக்கும் கல்லீரலுக்கும். முக்கியமான விஷயம் இது: கசிவு உச்சத்துல இருக்குற நேரத்துல ரத்தத்துல வைரஸ் ஏற்கனவே குறைஞ்சுட்டு வரும், காய்ச்சலும் இறங்கிரும். அதனால தான் தெர்மாமீட்டரை நம்பி உக்கார்ந்தா ஏமாந்துருவோம்.

ரெண்டாவது தடவ ஏன் மோசம்

டெங்குல நாலு டைப் இருக்கு. ஒரு டைப் வந்து போனா அந்த டைப்புக்கு எதிர்ப்பு நீண்ட காலம் நிக்கும், மத்த மூணுக்கும் கொஞ்ச மாசம் தான். அப்புறம் வேற டைப் வந்தா பழைய ஆன்டிபாடி, அதாவது முதல் தடவ உடம்பு செஞ்சு வச்ச எதிர்ப்பு புரதம், போய் வைரஸ்ல ஒட்டும், ஆனா கொல்லாது, ஒட்டுன வைரஸை வெள்ளை அணு தானா இழுத்து உள்ள போட்டுக்கும், உள்ள போய் இன்னும் நல்லா பெருகும், சைட்டோகைனும் அதுக்கேத்த மாதிரி கூடும். ஸ்காட் ஹால்ஸ்டெட்ங்கிற அமெரிக்க டாக்டர் 1960கள்ல பாங்காக் பிள்ளைங்களைப் பார்த்துட்டு இதை சொன்னாரு. கியூபால நடந்தது இதுக்கு ரொம்ப தெளிவான சாட்சி, 1977ல அங்க டைப் 1 பரவுச்சு, 1981ல டைப் 2 வந்தப்ப 158 பேர் செத்தாங்க, அதுல பாதிக்கு மேல பிள்ளைங்க. திரும்ப 1997ல சாண்டியாகோ நகரத்துல டைப் 2 வந்துச்சு, இந்த தடவ கடுமையா பாதிச்சது பெரியவங்களை தான், ஏன்னா 1981க்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்க டைப் 1ஐ பார்த்ததே இல்ல.

ஒரு வயசுக்குள்ள இருக்குற கைக்குழந்தைக்கு முதல் தடவையே கடுமையா வர்றதும் இதனால தான், அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி பாதியா குறைஞ்சு அரைகுறையா நிக்கிற நேரம் அது. அதனால கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க, சுகர் இருக்குறவங்க, உடம்பு ரொம்ப பருமனா இருக்குறவங்க, கிட்னி பிரச்சினை உள்ளவங்க, முன்னாடி ஒரு தடவ டெங்கு வந்தவங்க, இவங்களை வீட்ல வச்சு பார்க்குறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட காட்டிருங்க.

முதல் மூணு நாள் என்ன பண்ணணும்

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. காய்ச்சல் ஆரம்பிச்ச தேதியும் நேரமும் முதல் வரி, இதை தப்பா சொன்னா அப்புறம் எல்லா கணக்கும் தப்பும், டாக்டர் முதல்ல கேட்குறதும் இதைத் தான். அதுக்குக் கீழ தினமும் எத்தன தடவ ஒன்னுக்குப் போனாங்க, எவ்ளோ குடிச்சாங்க, வாந்தி எத்தன தடவ, காய்ச்சல் எவ்ளோ.

ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ ஒரு சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணுற டெஸ்ட், எடுத்துருங்க. நிறைய பேர் "அஞ்சு நாள் கழிச்சு எடுத்தா தான சரியா தெரியும்"னு தள்ளிப் போடுறாங்க, தப்பு அது. கசிவு ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி அந்த ஆளோட பிசிவி எவ்ளோன்னு தெரிஞ்சா தான் அப்புறம் ஏறுச்சா இல்லையான்னு சொல்ல முடியும். ரசம் அடுப்புல வத்துனா பருப்பு கூடல, தண்ணி தான் குறைஞ்சுது, ஆனா கெட்டியா தெரியுதுல்ல, பிசிவி ஏறுறதும் அப்படி தான், சிவப்பு அணு கூடல, தண்ணி வெளிய போயிருக்கு. முதல்ல இருந்ததுல இருந்து 20 சதவீதம் ஏறுனா கசிவு நல்லாவே நடக்குதுன்னு அர்த்தம், 35 இருந்தவங்களுக்கு 42, 40 இருந்தவங்களுக்கு 48. அவ்ளோ ஏறுற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, பிளேட்லெட் மளமளன்னு இறங்குது பிசிவி ஏறுதுன்னு ரெண்டும் சேர்ந்து நடந்தாலே டாக்டர்கிட்ட போகணும். தினமும் ஒரே லேப்ல எடுங்க, மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் தான். குழந்தைக்கு எடைக்கு தக்கன, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, டாக்டர் எழுதிக் குடுத்த அளவைத் தாண்டாதீங்க, டெங்குல கல்லீரலும் அடி வாங்கியிருக்கும். காய்ச்சல் முழுசா இறங்கலன்னு பயந்து அடுத்த டோஸை சீக்கிரம் குடுக்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணில துடைச்சு விடுங்க. மெடிக்கல்ல சொல்லி வாங்குற சிரப்பை திருப்பிப் பாருங்க, பாராசிட்டமாலோட மெஃபெனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் சேர்த்து வர்றது நிறைய இருக்கு, அது வேண்டாம். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசியும் வேண்டாம், ஏற்கனவே பிளேட்லெட் குறைஞ்சிருக்கு, இதுங்க வயித்துல ரத்தக்கசிவை கூட்டும். இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுறவங்கன்னா நீங்களா நிறுத்தாம டாக்டரைக் கேளுங்க.

குடிக்குறதுக்கு வெறும் தண்ணி மட்டும் குடுத்துட்டே இருக்காதீங்க, உப்புச் சத்து இறங்கிரும். ஓஆர்எஸ், இளநீர், உப்பு போட்ட அரிசிக் கஞ்சி, மோர், பால், பழ ஜூஸ்னு மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளருக்கு மேல உள்ள போகணும், நாலு மணியில இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவயாவது ஒன்னுக்கு போறாங்களான்னு தான் அளவுகோல். சுகர் இருந்தா ஜூஸ் விஷயத்துல கவனம். இலங்கை டாக்டர்கள் சொல்ற ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சுது, சிவப்பு, பழுப்பு நிறத்துல எதுவும் குடிக்க குடுக்காதீங்கங்கிறாங்க, அப்போ மாதுளை, பீட்ரூட், நன்னாரி சர்பத் எதுவும் கூடாது, வாந்தி எடுத்தா அது ரத்தமா ஜூஸான்னு யாருக்கும் தெரியாது.

இந்த நாள்கள்ல பகல்லயும் கொசு வலைக்குள்ள படுக்க வைங்க. டெங்கு கொசு பெரும்பாலும் பகல்ல தான் கடிக்கும், காய்ச்சல்காரரை கடிச்ச கொசு வீட்ல இருக்குற இன்னொருத்தருக்கு கொண்டு போயிரும்.

காய்ச்சல் விடுற நேரம், இங்க தான் முழு கவனமும்

பொதுவா மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள சூடு 100க்கு கீழ இறங்கி அப்படியே நிக்கும். அந்த நேரத்தை நோட்டுல பெருசா எழுதி வட்டம் போடுங்க, அதுல இருந்து 24 மணியில இருந்து 48 மணி நேரம் தான் ஆபத்தான காலம். நிறைய பேர் நல்லபடியா தேறிருவாங்க, பசி எடுக்கும், எழுந்து உக்காருவாங்க, அவங்களைப் பத்தி பயம் வேண்டாம். சூடு இறங்கியும் ஆளு தெளியாம, முன்னாடியை விட சோர்ந்து போனா அது தான் கெட்ட அடையாளம். யாராவது ஒருத்தர் ராத்திரி முழிச்சிருங்க, இந்த ரெண்டு ராத்திரிக்கு முறை வச்சுக்கோங்க.

கூட்டிட்டு ஓட வேண்டிய அறிகுறி என்னன்னா, வயிறு விடாம வலிக்கிறது, தொட்டாலே வலிக்கிறது, ஒரு மணி நேரத்துல மூணு தடவயோ ஆறு மணி நேரத்துல நாலு தடவயோ வாந்தி, பல் ஈறு மூக்குல ரத்தம், வாந்தில ரத்தம், மலம் தார் மாதிரி கருப்பா போறது, பொம்பளைங்களுக்கு மாதவிடாய் அளவுக்கு மீறி போறது, மூச்சு வாங்குறது, பிள்ளை சும்மா நசநசன்னு அழுதுட்டே இருக்குறது, இல்லன்னா எழுப்புனா எழும்பாம தூங்கி வழியுறது, ஆறு மணி நேரமா ஒன்னுக்கு போகாதது. இதுல ஒன்னு இருந்தாலே போதும், ரெண்டாவது வரட்டும்னு காத்திருக்காதீங்க.

வீட்லயே பார்க்க ஒரு சின்ன சோதனை, விரல் நகத்தை அஞ்சு செகண்ட் அமுக்கிட்டு விடுங்க, வெளுத்த நகம் ரெண்டு செகண்டுக்குள்ள சிவக்கணும். சிவக்க நேரமாகுது, உள்ளங்கை பாதமெல்லாம் ஜில்லுன்னு இருக்கு, நாடி வேகமா மெல்லிசா அடிக்குதுன்னா ரத்த ஓட்டம் குறைஞ்சிட்டு வருது. பிபி மெஷின் இருந்தா மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் இருக்குற வித்தியாசத்தைப் பாருங்க, 120க்கு 80ன்னா வித்தியாசம் 40, அது சரி. 100க்கு 80ன்னு வந்தா மேல் நம்பர் பரவாயில்லைன்னு தோணும், ஆனா வித்தியாசம் 20க்கு வந்துருச்சு, அது ஷாக் ஆரம்பம், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாம போற நிலை. இந்த கட்டத்துல கூட பிள்ளை தெளிவா பேசும், கேட்ட கேள்விக்கு பதில் சொல்லும், உடம்பு கை கால்ல இருக்குற ரத்தத்தை இழுத்து மூளைக்கு குடுத்துட்டு இருக்கும். எங்க அக்கா பொண்ணு ஆட்டோல போறப்ப கூட ஸ்கூல் ஹோம்வொர்க் பத்தி பேசிட்டு தான் வந்தா. பேசிட்டு தான இருக்கான்னு விட்றாதீங்க, கையைத் தொட்டுப் பாருங்க.

சரியான நேரத்துல போய் அளவா டிரிப்ஸ் ஏத்துனா கடுமையான டெங்குல கூட நூத்துக்கு ஒருத்தருக்கும் குறைவா தான் உயிர் போகும், கவனிக்காம விட்டா அது 20 வரைக்கும் போகும்.

டாக்டர்கிட்ட எதை வற்புறுத்தக் கூடாது

"சும்மா ரெண்டு பாட்டில் ஏத்தி விடுங்க"ன்னு கேட்காதீங்க. வாயால குடிக்க முடிஞ்சவங்களுக்கு ஆரம்பத்துலயே ஏத்துனா அதுவும் கசிஞ்சு நுரையீரல் பக்கம் தான் போய் சேரும், கசிவு நின்னதுக்கு அப்புறம் வெளிய போன தண்ணி எல்லாம் குழாய்க்குள்ள திரும்பி வரும், அப்ப மேல மேல ஏத்தியிருந்தா மூச்சுத் திணறும்.

பிளேட்லெட் ஏத்தச் சொல்லி சண்டை போடாதீங்க. சிங்கப்பூர், மலேசியால 20 ஆயிரமும் அதுக்கு கீழயும் இறங்கின, ஆனா ரத்தப்போக்கு இல்லாத 372 பேருக்கு செஞ்ச ஆய்வு 2017ல வந்துச்சு, ஏத்தினவங்களுக்கும் ஏத்தாதவங்களுக்கும் ரத்தப்போக்குல பெருசா வித்தியாசம் இல்ல, ஏத்தினவங்களுக்கு பக்கவிளைவு தான் அதிகம். ரத்தம் போயிட்டு இருந்தா கதை வேற, அதை டாக்டர் பார்த்துக்குவாரு. பப்பாளி இலைச் சாறும் அப்படி தான், நம்பர் ஏறுதோ இல்லையோ குழாய் கசிவை அது அடைக்காது, குடிச்சுட்டு வாந்தி எடுத்தா உள்ள இருந்த கொஞ்ச தண்ணியும் போச்சு. நிலவேம்பு குடிச்சிட்டு இருக்கோம்னு சிபிசி எடுக்காம இருந்தவங்களை கவுன்ட்டர்ல நான் பார்த்திருக்கேன், அது தான் மனசுக்கு கஷ்டமா இருக்கும், குடிங்க வேண்டாம்னு சொல்லல, ரத்தப் பரிசோதனையை விட்றாதீங்க.

ஸ்டீராய்டு பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இந்த சேதி சொல்ற புரதம் தான் பிரச்சினைன்னா அதை அமுக்குற மருந்தை குடுத்துற வேண்டியது தானேன்னு படிச்சவங்களே கேட்குறாங்க. கொரோனால அது வேலை செஞ்சுது, 2020 ஜூன்ல இங்கிலாந்து ரெக்கவரி ஆய்வுல டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவை மூணுல ஒரு பங்கு குறைச்சுது, ஆக்சிஜன்ல இருந்தவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு. ஆனா ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு எந்த நன்மையும் இல்ல. வைரஸ் பெருகுற நேரத்துல சேதியை அமுக்குனா நம்ம காவலையே அமுக்குறோம். 2021ல இங்க வீட்லயே ஸ்டீராய்டு போட்டுக்கிட்டு சுகர் எகிறி கரும்பூஞ்சைல கண்ணை இழந்தவங்க எத்தன பேரு. டெங்குல வியட்நாம்ல 225 பேரை வச்சு, அதுல ஒரு பகுதிக்கு ஆரம்பத்துலயே ஸ்டீராய்டு மாத்திரை குடுத்து பார்த்தாங்க, ஷாக் வர்றதை அது தடுக்கல. ஒரே மாதிரி சைட்டோகைன், ஆனா எந்த நோய், எந்த நாள், எந்த எடம்னு பார்த்து தான் மருந்து. அதனால காய்ச்சல் சீக்கிரம் விடணும்னு யாராவது சின்ன கிளினிக்ல ஸ்டீராய்டு ஊசி போட வந்தா என்ன ஊசின்னு கேளுங்க, கேட்குறதுல தப்பே இல்ல.

தேறி வர்ற நாள்கள்

48 மணி நேரம் தாண்டிட்டா பசி வரும், ஒன்னுக்கு நிறைய போகும், பிசிவி தானா இறங்கும், பிளேட்லெட் அதுக்கப்புறம் மெதுவா ஏறும். கை கால்ல செக்கச் செவேல்னு படர்ந்து நடுவுல வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியும், பயங்கரமா அரிக்கும், இதைப் பார்த்துட்டு திரும்ப நோய் வந்துருச்சுன்னு பதறி வர்றவங்க நிறைய, அது ஆறுற அடையாளம் தான். அசதி ரெண்டு மூணு வாரம் கூட இருக்கும், பிள்ளையை உடனே விளையாட அனுப்பாதீங்க.

ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வரிசைல ஒரு ஃபைல்ல போட்டு ரேஷன் கார்டு வைக்கிற எடத்துலயே வைங்க. அடுத்து எந்த வருஷம் அந்த ஆளுக்கு காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா "இவங்களுக்கு முன்னாடி ஒரு தடவ டெங்கு வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு அந்த ஃபைலை நீட்டுங்க, நல்லா இருந்தப்ப பிசிவி எவ்ளோங்கிறதும் அதுலயே இருக்கும்.